அடுப்பில் போடாத தாள்கள்

1997, ஆடி முதல் வெள்ளிக்கிழமை. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "அம்மா காலை பஸ்ஸில் படவேடு கோயில்." மற்றதை அப்போது எழுதவில்லை.

அண்ணன் ஜக்கார்டு அட்டை குத்துகிறவன். முதலாளி தரும் கரை டிசைனைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் ஏற்றுவான். வண்ணம் பூசிய ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டையில் ஓர் ஓட்டை. இரும்புத் தட்டில் அட்டையை வைத்து, ஊசியைச் சுத்தியலால் அடித்து இறக்குவான். அந்த அட்டைகளைத் தறிமேல் மாட்டினால் கரை புடவையில் விழும். ஆகவே தாள் யாரிடம் இருக்கிறதோ டிசைன் அவருடையது. வேலை முடிந்ததும் நல்ல தாள் முதலாளிக்குப் போய்விடும். பிசகிய தாள் அடுப்புக்கு. அடுப்பில் போடுவது என் பொறுப்பு.

நான் போடவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிக்க விண்ணப்பித்திருந்தேன். நுழைவுத் தேர்வுக்குக் கையாலேயே எழுதிய எழுத்து மாதிரிகளை ஒரே புத்தகமாகத் தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளின் பின்புறம் வழவழப்பாக, மை ஊறாமல் இருந்தது. முன்பக்கத்துக் கட்டங்கள் மங்கலாகத் தெரிந்ததால் எழுத்தின் உயரமும் அகலமும் தவறவில்லை. 'இ'யின் சுழியை ஒன்றரைக் கட்டத்தில் தொடங்க வேண்டும், இரண்டில் தொடங்கினால் வயிறு சரிந்துவிடும் என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சித்திரை முழுவதும் ஆயிற்று. 'ஞ' ஆனி பிறக்கும்வரை பிடிபடவில்லை. தேறிய இருபத்திரண்டு தாள்களைக் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் அங்கே இருந்தன. எழுத்து இருக்கும் பக்கத்தை மட்டுமே பார்த்துப் பார்த்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு முதலாளி இரண்டு ஆட்களோடு வந்தார். ஒருவன் தெருக்கதவைச் சாத்தினான். முதலாளி அண்ணனின் பலகையில் உட்கார்ந்தார்.

"நம்ம அன்னம் முள்ளிப்பட்டுல குஞ்சு பொரிச்சிருக்குதாம். தெரியுமா தம்பி?"

அண்ணனுக்குப் புரியவில்லை. தீபாவளிக்கென்று வைத்திருந்த அன்னக் கரை முள்ளிப்பட்டில் வேறொருவர் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அச்சகத்தில் தாள்கள் கிடந்த இரண்டு நாள் நினைவுக்கு வந்தது.

"நல்ல தாள் உங்ககிட்டயே குடுத்துட்டேங்க. மீதி அடுப்புல போட்டாச்சு."

"அப்போ சாம்பலப் பாத்தா நெய்யிறான்?"

ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவன் அறைந்தான். இன்னொருவன் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தார்கள். அண்ணன் ஒவ்வொரு உதைக்கும் "அடுப்புலதாங்க, அடுப்புலதாங்க" என்றான்.

நான் உள் அறை வாசலில் நின்றிருந்தேன். புத்தகம் எனக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியில் இருந்தது. எடுத்து நீட்டினால் அடி நின்றுவிடும், சென்னைப் படிப்பும் போய்விடும். ஒன்பது நாளில் அந்த எழுத்துகளை மறுபடி எழுத முடியாது. பெண் பிள்ளைமேல் கை வைக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றி எழுத விரும்பவில்லை.

"இவன் வாயி பேசாது, கைய கேளு" என்றார் முதலாளி.

அண்ணனின் வலது கையை இழுத்து இரும்புத் தட்டின்மேல் வைத்தார்கள். ஒருவன் மணிக்கட்டின்மேல் முழங்காலை ஊன்றினான். மற்றவன் அண்ணனின் சுத்தியலையே எடுத்தான்.

"எவன்கிட்ட குடுத்த?"

"சாமி சத்தியமா..."

நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்று விழுந்தது. இரண்டாவது விழுந்தது. அண்ணன் கத்தியதில் தெருவில் நாய் குரைத்தது. அதன்பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

முதலாளி புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார். எழுத்துகளைப் பார்த்தார். திருப்பினார், பாதி வண்ணம் பூசிய அன்னத்தைப் பார்த்தார்.

"எழுத்து சுத்தமா கீது. உங்க அண்ணன் கை சொல்லாதத உன் கை சொல்லிடுச்சி." புத்தகத்தை என் காலடியில் போட்டார். "அன்னிக்கே போட வேண்டியது. இப்போ போடு. ஜல்தி."

தையலைப் பிய்த்து, ஒவ்வொரு தாளாக அடுப்பில் போட்டேன். கடைசித் தாள் கருகும்வரை மூவரும் நின்று பார்த்தார்கள். "நாளிக்கு வேற டிசைன் வரும். மாசக் கடைசிக்குள்ள அட்டை வந்தாவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

அண்ணன் சுவரில் சாய்ந்து கையை மடியில் வைத்திருந்தான். இரண்டு விரல்கள் வேறு திசையில் திரும்பியிருந்தன.

"எப்போத்திலேர்ந்து தெரியும் உனக்கு?"

"அவரு அன்னம்னு சொன்னப்பவே."

"பாத்துகினே நின்னியா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"சொல்லுமே. பாத்துகினே நின்னியா?"

"ஆமா."

இடது கையால் அடித்தான். தலை நிலைப்படியில் மோதியது. எழுந்தபோது மறுபடி அடித்தான். நான் தடுக்கவில்லை. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியவன், வலது கை அசைந்த வலியில் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டான். அம்மாவிடம் அவன் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னோம்.

மறுநாள் தாள் வந்தது. கட்டுப் போட்ட கையால் அவனால் சுத்தியல் பிடிக்க முடியாது. வீட்டில் ஊசி இறக்கத் தெரிந்தது என் ஒருத்திக்குத்தான். ஒவ்வொரு வரிசையாக அவன் படிக்க, நான் குத்தினேன். நுழைவுத் தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்துவிட்டோம்.

"ரெண்டு குத்து. மூணு வுடு. ஒண்ணு குத்து. அஞ்சு வுடு."

அந்த மாதம் முழுவதும் அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான். தேர்வு பத்து மணிக்கு. பத்து ஆனதை நான் கடிகாரத்தில் பார்த்தேன். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு, அடுத்த வரிசையைப் படித்தான்.