நளினிக்குத் தெரியாத பறவை

அன்று சாங்கி டாங்க் ஏரிக்கரையில் நின்றவர்கள் மொத்தம் ஆறு பேர். ரிடையர்டு எஞ்சினியர் ராவ் — பறவை பார்க்கும் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். கோஷ்டியின் ஒரே பைனாகுலருக்கும் அவர்தான் சொந்தக்காரர். என் பக்கத்து வீட்டு வரதராஜன், சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவர் மனைவி கோமளம். அவர்கள் மகள் நளினி, ஒன்பது வயது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஸ்டெல்லா டீச்சர். அப்புறம் நான்.

கணக்கு எதற்கு என்கிறீர்களா? ஆறு பேரில் ஐந்து பேர் ஒரு பறவையைப் பார்த்ததாகச் சொன்னோம். ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை என்றாள். அதனால்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லேஸ்வரத்துக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவை காட்டுவது ராவின் வழக்கம். முன்பின் தெரியாதவர்களும் வரலாம். சத்தம் போடக் கூடாது, பளிச்சென்று வெள்ளைச் சட்டை போடக் கூடாது — இரண்டே நிபந்தனை. வரதராஜன் என்னையும் கூப்பிட்டார். எனக்குத்தான் யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்ல வராதே... சரி என்று தலையாட்டினேன்.

தலையாட்டிய நிமிஷத்திலிருந்து கவலை. எல்லாரும் படித்தவர்கள். பறவைகளுக்கு இங்கிலீஷில் பேர் சொல்வார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏதாவது கேட்டுவிட்டால்?

பயந்தபடியே ஆயிற்று. ஏழு மணி இருக்கும். ராவ் ஒரு மரத்தைக் காட்டி, "நோடி, பாருங்க, பத்து மணி" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் மூணு மணி நேரம் இருக்கே ஸார்" என்றேன்.

சத்தம் போடக் கூடாது என்ற நிபந்தனையை எல்லாரும் மறந்துவிட்டுச் சிரித்தார்கள். மரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, பத்து இருக்கும் பக்கம் பார்க்க வேண்டுமாம். ராவ் பொறுமையாக விளக்கினார். நளினி மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டையை இழுத்து, "எனக்கும் தெரியாது மாமா" என்றாள் ரகசியமாக.

அந்தக் குழந்தைக்குத்தான் நான் அடுத்த அரை மணியில் துரோகம் செய்தேன்.

ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ராவ் சட்டென்று நின்றார். காய்ந்த கிளைக்கு இரண்டு விரல் மேலே... வெள்ளை உடம்பு... ஒரு முழத்துக்கு ரிப்பன் மாதிரி வால்... என்று அடுக்கினார் அவர். இதைப் பார்க்க வருஷக்கணக்காக அலைந்தவர்கள் உண்டாம். பைனாகுலரை வரதராஜனிடம் கொடுத்தார்.

வரதராஜன், "ஆமாம், தெரியறது" என்றார். கோமளம் வாலின் நீளத்தை வியந்தாள். ஸ்டெல்லா டீச்சர் 'ப்யூட்டிஃபுல்' என்றார். அடுத்து என் முறை.

எனக்கு என்ன தெரிந்தது? இலை தெரிந்தது. கொஞ்சம் ஆகாயம் தெரிந்தது. என் கண்ணிமை ரோமம் பனை ஓலை மாதிரி தெரிந்தது. பறவை மட்டும் இல்லை. ஆனால் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடிகாரச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை அசடாக முடியுமா?

"அடடா, என்ன அழகு" என்றேன். சொன்னதோடு விட்டேனா? வாலின் அசைவைத் தொடர்வது போலத் தலையையும் மெதுவாக ஆட்டிக் காட்டினேன்.

நளினி வெகுநேரம் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்லியே. கிளைதான் இருக்கு" என்றாள்.

"நன்னாப் பாருடி. மாமாவுக்கே தெரிஞ்சுதே" என்றார் வரதராஜன்.

அந்த 'மாமாவுக்கே' எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் 'ஆமாம்' என்று தலையாட்டினேன்.

நாலு நாள் கழித்து வரதராஜன் காம்பவுண்ட் சுவர் ஓரமாக வந்து நின்றார். நளினியைக் கன்டோன்மென்டில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை என்றால் கவலை வராதா? கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று கோமளம் மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லி, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"என்ன நல்லது? அப்போ வேணும்னே பொய் சொல்லியிருக்கா ஸார். அவ கிளாஸ்ல ஒரு பொண்ணு கண்ணாடி போட்டுண்டிருக்காளாம், அந்த ஆசை. பொய் சொன்னேன்னு ஒத்துக்கோடின்னா வாயைத் திறக்க மாட்டேங்கறா. ஒத்துக்கற வரைக்கும் இனிமே எங்கேயும் கூட்டிண்டு போறதில்லை."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரங்களில் மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான். மூன்று தடவையும் கோமளம் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டுத் திரும்பினேன். நளினி கூடத்து மூலையில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். 'மாமா' என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

எனக்கு இது பழைய வியாதி. சின்ன வயதில் கணக்கு வாத்தியார் 'புரிஞ்சுதா?' என்பார். வகுப்பே 'புரிஞ்சுது ஸார்' என்னும். நானும் என்பேன். ஒவ்வொன்றாகப் புரியாமல் சேர்ந்து, எட்டாவதில் எதுவுமே புரியவில்லை. தலையாட்டித் தலையாட்டியே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவன் நான். அன்று கெட்டது என் படிப்பு. இப்போது ஒரு குழந்தையின் பேர் அல்லவா கெடுகிறது?

போன ஞாயிறு மறுபடி கோஷ்டி கிளம்பிற்று. வரதராஜன் வீட்டு வாசலில் எல்லாரும் கூடியிருந்தோம். நளினி மட்டும் கேட்டுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்தபடி. அந்தக் கையைப் பார்த்ததும் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. நான் எந்தப் பறவையையும் பார்க்கவில்லை, அசடாகிவிடுவேன் என்று பயந்து பொய் சொன்னேன், குழந்தை சொன்னதுதான் நிஜம் என்றேன்.



"நேக்கும் தெரியலை" என்றாள் கோமளம். "இவர் தெரியறதுன்னார், அதான்..."

ஸ்டெல்லா டீச்சர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, வால் மாதிரி ஏதோ தெரிந்ததாக நினைத்ததாகவும், இப்போது யோசித்தால் அது இலைக்காம்பு என்றும் சொன்னார். வரதராஜன் கடைசியாக, "எனக்கு அதை ஃபோகஸ் பண்ணவே தெரியலை" என்றார்.

ராவ் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "நான் பார்த்தது நிஜம். பைனாகுலரை நீட்டறப்பவே அது பறந்து போச்சு. நீங்க எல்லாரும் ஆஹான்னதும், ஓகோ, இன்னொண்ணு வந்து உட்கார்ந்திருக்குன்னு நினைச்சேன். ரெண்டுன்னு எழுதிட்டேன்" என்றவர், பென்சிலால் இரண்டை அடித்து ஒன்று என்று போட்டார்.

ஆக, அந்தக் காலிக் கிளையைக் காலிக் கிளையாகப் பார்த்தவள் ஒருத்திதான்.

வரதராஜன் கேட்டைத் திறந்துவிட்டார். நளினி அவரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, அப்போ நீங்க எதைப் பார்த்து 'என்ன அழகு'ன்னேள்?"

கேலி இல்லை, கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

டாக்டர் ஃபீஸும் ஆட்டோ வாடகையுமாக வரதராஜனுக்குப் பன்னிரண்டு ரூபாய் செலவாகியிருந்தது. பொய் சொன்னவர்கள் நாலு பேர், ஆளுக்கு மூன்று என்று ஸ்டெல்லா டீச்சர் கணக்குப் போட்டு, தன் பங்கை அங்கேயே கொடுத்தார். அன்று என் பையில் சில்லறைதான் இருந்தது. அப்புறம் இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போனேன். வரதராஜன், "இருக்கட்டும் ஸார், பரவாயில்லை" என்றார். நான்... வேறென்ன, தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று ரூபாய் இன்னும் பாக்கி.