அம்மனைச் சுமந்த ஃபேக்ஷன்

1. எடுத்துவிடலாம் என்று வந்த ரிப்போர்ட்

உப்பளம் என்ற பகுதியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் ஏசி ஓடினால் பேச்சு கேட்காது. பேச்சு கேட்க வேண்டுமென்றால் வேர்த்துக் கொட்டும். அன்று ஏசியை நிறுத்திவிட்டு நானும் என் டீமில் இருந்த சரண்யாவும் வீடியோ காலில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பிரான்சிலிருந்து லோரான். நாங்கள் கான்ட்ராக்டில் செய்துகொடுத்த கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அவர்தான் புரொடியூசர். அவருடைய டெஸ்டர்கள் ஆடிப் பார்த்து ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருந்தார்கள். சரண்யா உருவாக்கிய கடலோர ஃபேக்ஷன் என்ற கூட்டத்தை வைத்து ஒருவர்கூட ஜெயிக்கவில்லை, அதை எடுத்துவிடலாம் என்று அதில் இருந்தது.

அவர் பிரெஞ்சில் படிக்கப் படிக்க நான் தமிழில் சொன்னேன். பள்ளியில் பிரெஞ்சு மீடியம் படித்த பாவத்துக்கு, லீட் டிசைனர் என்ற பெயரில் பாதி நாள் எனக்கு மொழிபெயர்ப்பு வேலைதான்.

"எடுக்க வேணாம்னு சொல்லுங்க சார்," என்றாள் சரண்யா. "ஊர்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் சொன்னதன் கனம் எனக்குத் தெரியும். ஊரில் சொன்னபோது நானும் கூட இருந்தேன். அதைச் சொல்ல, கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

2. சம்பளம் கேட்காத தெய்வங்கள்

வியூக விளையாட்டு ஆடாதவர்களுக்காக ஒரு விளக்கம். கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்தில் பல கூட்டங்கள் மோதிக்கொள்ளும். ஆடுகிறவர் அதில் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஆட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் ஃபேக்ஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு படை, ஒரு தொழில், ஒரு சாமி உண்டு. இவற்றை உலகத்துப் புராணங்களிலிருந்து எடுத்துச் செய்துகொடுப்பதுதான் என் பிழைப்பு. பனி நாடு என்றால் தாடி, கோடாரி, இடி இறக்கும் சாமி. பாலைவனம் என்றால் பிரமிடும் நாய்த்தலைச் சாமியும். கிழக்கு என்றால் டிராகன். நாலு கண்டத்துத் தெய்வங்களையும் வேலைக்கு வைத்திருந்தேன். ஒன்றும் சம்பளம் கேட்டதில்லை. அந்தந்த ஊர்க்காரர்களும் வந்து ஏன் என்று கேட்டதில்லை.

ஒரு நாள் லோரான், "உங்கள் கடற்கரையிலிருந்து ஒரு ஃபேக்ஷன் வேண்டும். யானை, புலி வேண்டாம், எல்லோரும் செய்துவிட்டார்கள்" என்றார். கடலை விட்டுச் சற்றுத் தள்ளியிருக்கும் கருவடிக்குப்பத்துக்காரனான எனக்குக் கடல் என்றால் பீச் ரோட்டில் சாயங்காலம் நடப்பது, அவ்வளவுதான். டீமில் கடலை அறிந்தவள், பிள்ளைச்சாவடி என்ற மீனவ ஊரைச் சேர்ந்த சரண்யா. வரைபடம் அமைக்கும் லெவல் டிசைனர். அவள் அப்பா கதிர்வேல் இன்றும் கடலுக்குப் போகிறவர்.

ஒரே வாரத்தில் வந்து நின்றாள்.

"சார், இதுல கடல்தான் எதிரி. ஒவ்வொரு சுத்துக்கும் ஊர்ல ஒரு கட்டம் தண்ணில போயிடும்."

"அப்ப எப்படிம்மா ஜெயிக்கறது?"

"பின்னால நவுந்துட்டே இருக்கணும். ஆனா மொதல்ல அம்மனத் தூக்கணும். அம்மன எங்க எறக்கி வெக்கறமோ அங்க புதுசா ஊரு வரும். அம்மன் தண்ணில போயிட்டா, படை இருந்தாலும் தங்கம் இருந்தாலும் ஊரு இல்ல."

அது அவள் கற்பனை இல்லை. அவள் ஊரில் கடல் ஏறிக்கொண்டே வருகிறது. ஏன் ஏறுகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கடல் யார் சொல்வதையும் கேட்பதில்லை. சரண்யா வீட்டுக்கு முன்னால் இருந்த வீட்டு வரிசை முழுக்கப் போய்விட்டது. கோயிலையே ஒரு முறை பின்னால் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வாசலுக்கு வந்தால் கட்டில், டிவி, பீரோ எல்லாம் அப்புறம்தான். நாலு பேர் தோள் கொடுத்து அம்மனைத்தான் முதலில் தூக்குவார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் கதிர்வேல்.

3. ஊர் கேட்டது ஒன்றுதான்

ஊரைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று சரண்யா பிடிவாதமாக இருந்தாள். என் இத்தனை வருஷ வேலையில் ஒரு சாமிக்காக அனுமதி கேட்கப் போனது அதுதான் முதல் தடவை. கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. அவள் லேப்டாப்பைத் திறந்து ஆடிக் காட்டினாள். பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள். கடல் கட்டத்தை விழுங்கியபோது யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டார்: "இத வெளிநாட்டுக்காரன்லாம் ஆடுவானா?"

"ஆடுவாங்க மாமா."

"அப்ப சண்டையில அம்மன எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?"

"முடியாது மாமா. நம்ம ஆளுங்க மட்டும்தான் தொட முடியும். அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

அவர் கதிர்வேலைப் பார்த்தார். கதிர்வேல் எழுந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எம் பொண்ணு சொல்றா. நான் பொறுப்பு," என்றார். ஊர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

4. இதுவா ஜெயிப்பது

இனி அந்த வீடியோ காலுக்கு வருகிறேன். டெஸ்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆடியிருந்தார்கள். தண்ணீர் வந்ததும் முதலில் தங்கத்தையும் வீரர்களையும் நகர்த்தினார்கள். அம்மன் முழுகிப் போனாள். ஆட்டம் முடிந்தது.

"நானே ஆடிக் காட்டறேன் சார்," என்று சரண்யா ஆரம்பித்தாள். முதல் சுற்றிலேயே அம்மனைத் தூக்கினாள். களஞ்சியம் போனது, படகுகள் போயின, பாதிப் படை போனது. எதற்கும் அவள் நிற்கவில்லை. கடைசியில் திரையில் சின்னதாக ஒரு ஊர், நடுவில் ஒரு கோயில். கடல் அங்கே வரவில்லை.

லோரான் திரையருகே குனிந்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் இழந்துவிட்டாளே. இதுவா ஜெயிப்பது?" என்றார்.

நான் தமிழில் சொன்னேன்.

"ஆமா சார்," என்றாள் சரண்யா. "ஊரு இருக்குதுல்ல."

லோரான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துக்கொண்டு நிம்மதியாகவாவது இருந்திருப்பேன். தோற்றுக்கொண்டே இருக்கிற கூட்டத்தைக் காசு கொடுத்து யாரும் வாங்கி ஆடமாட்டார்கள் என்றார். ஃபேக்ஷன் வேண்டாம், ஊர் மட்டும் வரைபடத்தில் இருக்கட்டும். கடல் அதைத் தின்றுகொண்டிருக்கும். எந்தப் படை முதலில் வந்து சேருகிறதோ, அது அம்மன் சிலையை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

ஊருக்குக் கொடுத்த வாக்கை எடுத்துச் சொன்னேன். சிலையையாவது விளையாட்டிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கான்ட்ராக்ட்படி எங்கள் கையிலிருந்து போனதெல்லாம் அவர்கள் சொத்து. கடைசியாக லோரான் ஒன்று கேட்டார்.

"நாய்த்தலைச் சாமியை எடுத்தபோது நீங்கள் யாரிடம் வாக்குக் கொடுத்தீர்கள்?"

அதை மட்டும் நான் சரண்யாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

5. கதிர்வேல் கேட்டது

விளையாட்டு வெளிவந்தது. பிள்ளைச்சாவடிப் பையன்கள் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டார்கள். கோடாரியும் தாடியுமாக ஒருவன், நான் செய்த ஆள்தான், கோயிலுக்குள் புகுந்து அம்மனைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். சரண்யா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதிர்வேல் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டார். செல்போனை நீட்டி அந்த இடத்தைக் காட்டினார்.

"தூக்கிட்டுப் போனானே சார், எங்க வெச்சான்?"

எனக்குப் புரியவில்லை.

"தூக்குனா எங்கயாச்சும் எறக்கி வெக்கணும் இல்ல? அந்த எடத்த மட்டும் காட்ட மாட்டேங்கறான். எத்தினி வாட்டி போட்டுப் பாத்துட்டேன்."

எங்கேயும் வைப்பதில்லை. படை ஊர் எல்லையைத் தாண்டியதும் சிலை மறைந்துவிடும், கணக்கில் தங்கம் கூடும். விளையாட்டில் எல்லாச் சாமியும் அப்படித்தான், இது வழக்கம். அதை அவரிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வலையைக் கையில் எடுத்தார். உள்ளே சரண்யா இருந்தாள். வெளியே வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் கடல் கோயில் வரைக்கும் வந்தது. அம்மனைத் தூக்கி ரோட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். சரண்யா மறுநாள் ஆபீசில் சொன்னாள்: "ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லல சார். அப்பாவ கூப்டக்கூட கூப்டாங்க. எங்க அப்பாதான் தோள் குடுக்கல. கைய கட்டிக்கிட்டு ஓரமா நின்னுட்டாரு."

அவள் இப்போதும் இதே துறையில்தான் இருக்கிறாள். வேறு கம்பெனியில் கம்ப்யூட்டர் திரையில் அழுத்துகிற பட்டன்களை வரைகிறாள். வரைபடம் பக்கம் போவதில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நாலு தேசத்துப் புராணத்தைப் படித்துவிட்டு, கண் மின்ன, ஒரு புது ஃபேக்ஷனைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். படை நன்றாக இருக்கிறதா, கூட்டங்களின் பலத்தில் பாலன்ஸ் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். நான் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சாமியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய், எங்கே இறக்கி வைக்கப் போகிறாய்?