பன்னிரண்டாவது பெயர்

தொலைபேசியில் எண்களை அழுத்துவதற்கு முன் அந்த அம்மாள் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்து ஒரு புன்னகை. "சிரிச்சுக்கிட்டே பேசினா குரல்ல தெரியும்" என்பார். பால்பண்ணைப் படிப்பில் இடம் கிடைத்தும் வந்து சேராதவர்களை அழைத்துப் பேசுவது, பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் அவர் வேலை. சக ஊழியர்களுக்கு அவர் பால்காரம்மா. அவருக்கோ பாலே ஒத்துக்கொள்ளாது.

மறுமுனையில் பெரும்பாலும் ஒரே கேள்வி. "மாடு கறக்க நாலு வருஷம் படிக்கணுமாம்மா?" அவர் கோபித்துக்கொள்வதில்லை. "கறக்க மிஷின் இருக்குங்க. அந்தப் பால் கெடாம உங்க வீடு வந்து சேரணுமே, அதுக்குத்தான் படிப்பு" என்று நிதானமாகத் தொடங்குவார். மாடு வைத்திருப்பவர்களே பிள்ளைகளை அனுப்ப மறுப்பதுதான் அவருக்கு ஆறவில்லை. "நாங்க பட்டது போதும்னு போனை வச்சிடறாங்க."

அவர் பணிக்கு வந்த வருடம் அறுபது இடங்களுக்கு நானூறு விண்ணப்பங்கள். சிபாரிசுக் கடிதங்களே ஒரு கட்டு. போன வருடம் சேர்ந்தவர்கள் பதினைந்து பேர். இந்த முறை பன்னிரண்டு பேராவது சேராவிட்டால் முதலாமாண்டு வகுப்பே கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. கடைசி நாளுக்கு முந்தைய நாள், கணக்கு பதினொன்றில் நின்றது.

துறைத்தலைவர் மேசையோரம் வந்து தயங்கினார். "உங்க பொண்ணும் இந்த வருஷம்தானே பள்ளிக்கூடம் முடிச்சா?"

"ஆமா சார்."

ஒரு விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனதும் அம்மாள் அந்தப் படிவத்தை மகள்முன் வைத்தார். அவள் நிதானமாகப் படித்தாள். "நீ சொன்னா சேர்றேம்மா. முடிச்சா வேலை கிடைக்குமா?"

ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சளைக்காமல் சொல்லும் பதில்தான். இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்றதை எங்கிட்டயும் சொல்லேன்" என்று மகள் சிரித்தாள்.

படிவத்தை இரண்டாக மடித்தார். "வேணாம்மா. நீ கேட்ட கம்ப்யூட்டர் படிப்பையே எடு."

மறுநாள் அலுவலகம் மூடும்வரை அழைத்துப் பார்த்தும் பன்னிரண்டாவது பெயர் வரவில்லை. வகுப்பு ரத்து. சேர்ந்திருந்த பதினொரு பேரிடமும் வேறு படிப்பு பார்த்துக்கொள்ளச் சொல்லும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

பட்டியலில் முதலில் இருந்தவள் ஒரு மாட்டுக்காரர் மகள். அப்பாவைச் சம்மதிக்க வைக்கவே நான்கு முறை பேச வேண்டியிருந்தது. அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பண்ணை வகுப்புக்கு ரப்பர் பூட்ஸ் கூட வாங்கிட்டேன் மேடம். அப்பாதான் வாங்கித் தந்தாரு."

அழைப்பைத் துண்டிக்க மனம் வராமல், ரிசீவரின் பேசும் பக்கத்தை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.