முன்சக்கரத்தில் மோட்டார்: காரைக்குடியிலிருந்து கண்டரமாணிக்கம் வரை

பழைய சைக்கிளில் மோட்டார் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறோம், ஏதாவது சொல்லுங்கள் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். கேட்பவர்கள் எல்லாரும் இந்தக் காலத்துப் பிள்ளைகள். நான் மாட்டியது 1999 ஜூனில். மோட்டார் வைத்த சைக்கிளை எங்கள் தெருவில் யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆகவே முதலில் கதை, பிறகு யோசனை.

எனக்கு இடதுகால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பேன். சமதரையில் சைக்கிள் மிதிப்பேன், ஏற்றம் வந்தால் இறங்கிவிடுவேன். அந்த வருஷம் கண்டரமாணிக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் அதற்கும் பள்ளிக்கூட மணிக்கும் ஆகவே ஆகாது. சிங்கப்பூரில் இருந்த அண்ணன், விஷயம் கேள்விப்பட்டு ஒரு பெட்டி அனுப்பி வைத்தான். உள்ளே நடுவில் மோட்டார் வைத்த ஒரு முன்சக்கரம், இரண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, கைப்பிடியில் மாட்டித் திருகினால் வேகம் கூட்டும் ஒரு முறுக்கி, சார்ஜர், ஒயர்கள்.

சக்கரம் என் லேடீஸ் சைக்கிளுக்குச் சரியான அளவுதான். அச்சுதான் பருமன். அது உட்காரும் முன் போர்க்கின் பிளவை இரண்டு நாள் அரத்தால் ராவினேன். பேட்டரிகளைத் தாங்கப் பின் கேரியருக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்ததில் நாற்பது ரூபாய் ஆனது. எல்லாம் முடிந்து தூக்கிப் பார்த்தால் சைக்கிள் அசையவில்லை. அவ்வளவு கனம்.

அம்மா பிடித்துக்கொண்டது அந்தக் கனத்தைத்தான்.

"நடுவழியில நின்னுச்சுன்னா இத நீ தள்ளுவியா?" என்றாள். "சனிக்கிழமை போயிட்டு வா. யாரு வண்டியிலயும் ஏறாம வீடு வந்து சேந்தா திங்கக்கெழமை வேலைக்குப் போ. இல்லைன்னா இந்தப் பேச்சையே விட்டுரு."

முப்பது வயதுப் பெண்ணுக்கு அம்மா வைக்கும் பரீட்சை! ஆனாலும் ஒத்துக்கொண்டேன். எனக்குள்ளும் அதே பயம் இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா என் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினாள். முறுக்கியைத் திருகியதும் சைக்கிள் தானாக நகர்ந்தது. பெரியாஸ்பத்திரிப் பக்கத்து மேட்டில் வாழ்க்கையில் முதல்முறையாக இறங்காமல் ஏறினேன். கத்தவேண்டும் போல இருந்தது. குன்றக்குடி வரை பத்து கிலோமீட்டரும் அப்படித்தான். கோயில் எதிரே ஒரு டீ குடித்தேன், திமிராக.

குன்றக்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு கண்மாய்க் கரை ஏற்றத்தில் வண்டி திக்கியது. முறுக்கினேன், உதறியது. இன்னும் முறுக்கினேன், எண்ணெய் கருகும் வாடை வந்தது. பிறகு நின்றேவிட்டது. இரண்டு பக்கமும் கருவேல மரம், ஒரு ஆள் இல்லை. தள்ளிப் பார்த்தேன். பத்தடி கூட முடியவில்லை, கால் மடங்கிக்கொண்டது. அம்மா சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து ஒரு ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"எங்குட்டு போகணும் ஆத்தா? கண்டரமாணிக்கமா? நாங்களும் அங்குட்டுத்தான். சைக்கிள டிக்கியில போட்டுக் கட்டிக்கலாம், ஏறு."

கார்க் கதவு திறந்தே இருந்தது. ஏறினால் வேலை போச்சு. "வேணாம் ஆச்சி, நானே வந்துருவேன்" என்றேன். "அப்ப வந்ததும் பெரிய வாசல் வீட்டுல கேளு, தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் போனார்.

மோட்டார் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைப் பிடுங்கி உள்ளே இருக்கும் திருகைக் கழற்றினால், மிக்சியில் தேயுமே, அந்த மாதிரி கார்பன் துண்டு வரும். மின்சாரம் அதன் வழியாகத்தான் பாயவேண்டும். கழற்றினேன். கார்பன் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

எங்கள் வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவது ஒரே ஆள்தான். என்னைப் போகவிடாமல் தடுக்க அம்மா இப்படியா செய்வாள்? செய்யமாட்டாள் என்று சொல்ல அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை. கோபத்தில் கண் இருட்டியது.

அடுத்து ஒரு மொபெட்காரர் வந்தார். பின்னால் வாழைத்தார் கட்டியிருந்தார்.

"என்னக்கா, பஞ்சரா?"

"இல்லண்ணே. கொஞ்சம் பெட்ரோல் வேணும்."

அவர் சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "சைக்கிளுக்குப் பெட்ரோலா? வெயிலு உச்சிக்கு ஏறலையே, அதுக்குள்ளயா இப்பிடிப் பேசுறீக!" என்று சிரித்தார். ஆனாலும் பெட்ரோல் டியூபைக் கழற்றி, என் தண்ணீர் பாட்டிலில் ஒரு டம்ளர் அளவுக்குப் பிடித்துத் தந்தார். வண்டியில் ஏறக்கூடாது என்றுதானே அம்மா சொன்னாள், பெட்ரோல் வாங்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, கார்பனைத் துடைத்து, உள்ளே பெட்ரோல் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி வழியவிட்டேன். மூன்று தடவை. பிறகு வெயிலில் காயவைத்துக் காத்திருந்தேன். ஈரம் மிச்சமிருந்து உள்ளே ஒரு பொறி தெறித்தால் என் புடவைதான் முதலில் பற்றும். வாடை முழுக்கப் போனதா என்று பத்துத் தடவை மோந்தேன். மொபெட்காரர் நல்லவர், தூரமாகத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். ஒயரை மாட்டி, மாதாவே என்று முறுக்கினேன். உதறியது, முனகியது, பிறகு ஓடியது.

கண்டரமாணிக்கத்தில் ஆச்சி வீட்டு வளவில், உள்முற்றத்துத் தேக்குத் தூண் ஓரமாகப் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். நாலு மணி நேரம். கரண்டு ஒரு தடவை போய் வந்தது, என் உயிரும் கூடவே போய் வந்தது. ஆச்சி போட்ட சோறு நன்றாக இருந்திருக்கும், எனக்கு ருசி தெரியவில்லை. திரும்பும் வழி முழுக்க அம்மாவோடு போடவேண்டிய சண்டையைத்தான் வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டு வந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டு வாசலில் இறங்கினேன். அம்மா தெருமுனை வரை வந்து நின்றிருந்தாள்.

"சக்கரத்துல எண்ணெய் ஊத்துனியாம்மா?" என்று கேட்டேன். முதல் வார்த்தையே அதுதான்.

"ஆமா, அந்த ரப்பர் மூடியத் தெறந்து ஊத்துனேன். ஒங்கப்பா சைக்கிளுக்குச் சொட்டுத்தான் விடுவேன். நீ காலு முடியாதவ, லேசா உருளட்டுமேன்னு ஒனக்கு ஒரு கரண்டி ஊத்துனேன். ஏன், பத்தலையா?"

சாதா சைக்கிளில் சக்கரத்தின் நடுக்குடத்தில் எண்ணெய் விட ஒரு துளை இருக்கும். வெளியூர் கிளம்பும் முன் அதில் எண்ணெய் விடாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. அம்மா என்னை நிறுத்தப் பார்க்கவில்லை, என்னைப் போகவிட்டிருக்கிறாள். அடுக்கி வைத்த சண்டையெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாசலிலேயே அழுதுவிட்டேன். அவள் கால் வலி என்று நினைத்து வெந்நீர் போட ஓடினாள்.

இப்போது உங்களுக்கான யோசனை. அச்சு போர்க்கில் இறுக்கமாக உட்காரவேண்டும், ராவும்போது அவசரம் வேண்டாம். பேட்டரி எத்தனை கிலோமீட்டர் என்று விற்பவர் சொல்வதில் பாதியை நம்புங்கள். போகிற ஊரில் பிளக் எங்கே என்று கிளம்பும் முன்பே கேட்டுவையுங்கள். நான் செய்த பெட்ரோல் வைத்தியத்தை நீங்கள் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் மோட்டாரில் கார்பனே இருக்காது என்றாலும், எண்ணெய் அதற்கும் ஆகாது.

ஆனால் வீட்டில் யாராவது எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால் விரட்டாதீர்கள். திங்கட்கிழமை காலை அம்மா மறுபடியும் கிண்ணத்தோடு வந்து முன்சக்கரத்துக்கு முன்னால் குனிந்தாள். நான் சைக்கிளைத் திருப்பிப் பின்சக்கரத்தைக் காட்டி, "இங்குட்டு ஊத்தும்மா" என்றேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் ஊற்றினாள்.