முழுக்கைச் சட்டை

துணை மருத்துவப் பட்டப்படிப்பொன்றை மதிப்பீடு செய்யக் கல்முனைப் பக்கம் போயிருந்தோம். மூன்றாம் நாள். படிவங்களை நிரப்பி நிரப்பி எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. கடைசியாக, மாணவர்கள் ரத்தம் எடுக்கப் பழகும் ஆஸ்பத்திரி லேப்புக்குப் போனேன்.

அவர்களைப் பழக்குபவர் மெலிந்த மனிதர். நரைத்த தாடி, தலையில் தொப்பி. அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் அந்தப் பொத்தானையே தடவிக்கொண்டிருந்தார்.

பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டேன். பாதிக்கு மேல் வெறும் பக்கங்கள்.

"ஆர் எப்ப ரத்தம் எடுக்கப் பழகினதெண்டு ஒண்டுமே எழுதல்லையே?" என்றேன், எரிச்சலோடு.

"எழுத நேரம் கிடைக்கல்ல சேர். ஆனா ஒரு புள்ளையையும் பழகாம நோயாளிக்கிட்ட விடல்ல."

பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை மடிப்பில் பழையதும் புதியதுமாய் ஊசித் தழும்புகள், நீலம் பாரித்த திட்டுகள்.

"எல்லாருக்கும் முதல் ஊசி இதிலதான்."

படிவத்தில் தழும்புக்குக் கட்டம் இல்லை. "பதிவேட்டில கையொப்பம் இருந்தாத்தான் கணக்கில சேர்க்கலாம்" என்றேன்.

"ஓம் சேர், விளங்குது" என்று சட்டையை இறக்கிப் பூட்டினார்.

"ஆதாரம் இல்லை" என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது புது மாணவி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அவர் பொத்தானை மறுபடியும் கழற்றினார்.