ஓயாக்கரை வெள்ளைக் கல் இடுக்கில்

என் மனைவி எஸ்தரின் இடது கால் பாறை வெடிப்புக்குள் சிக்கியிருந்தது. கையெட்டும் தூரத்தில் ஓயா என்கிற மலையாறு ஏறிக்கொண்டிருந்தது. காலை இழுத்தால் அலறினாள். இழுக்காவிட்டால் ஆறு அவளை எடுத்துக்கொள்ளும். கர்த்தர் அங்கிருந்து எங்களை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை, நடந்தது நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதச் சனிக்கிழமை அது. ராகலைக்கு அப்பால், வலப்பனைப் பக்கமாக இறங்கும் மலையில் உள்ள ஒரு தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கராக இருந்தேன். ஓயாவுக்கு அக்கரையில் உள்ள தோட்டத்துச் சிற்றாலயத்தில் மறுநாள் அறுப்பின் பண்டிகை. அந்த வாரம் மண் சரிந்து பஸ் பாதை அடைபட்டுக் கிடந்தது. ஆகவே பள்ளத்தாக்கில் இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுபுறம் ஏறிப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். நான், எஸ்தர், அவளுடைய தம்பி தாவீது. எங்கள் தோட்டத்துச் சபையார் கொடுத்த காணிக்கையை தாவீது தலையில் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு கூடை லீக்ஸ், கரட், அவற்றின் மேல் ஒரு பெரிய பூசணிக்காய்.

"மச்சான், இந்தப் பூசணிக்காய்க்கு ஒரு டிக்கட் எடுத்து பஸ்ல அனுப்பியிருக்கலாம்" என்றான்.

"பஸ்தான் ஓடலியேடா" என்றாள் எஸ்தர்.

"அதான்க்கா, ஓடாத பஸ்ஸுக்கு லீவு, நடக்கிற தாவீதுக்கு பூசணிக்காய். நல்லாப் பிரிச்சாங்க வேலைய."

தேயிலை மலை முடிந்ததும் பத்தனை என்கிற மலைப் புல்வெளி. அதற்குக் கீழே கல்லின் நிறமே மாறிவிட்டது. எங்கள் பக்கத்துக் கருங்கல் அங்கே இல்லை. எல்லாம் சுண்ணாம்புக் கல். மழைநீர் காலங்காலமாக அரித்ததில் பாறைகளில் குழிகளும் வெடிப்புகளும் விழுந்து, விளிம்புகள் கத்திபோல் நின்றன. சில இடங்களில் காலடிக்குக் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, தண்ணீர் மட்டும் கண்ணில் படவில்லை. அழகான இடம் என்று எஸ்தர் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்கு வழி சொன்ன கங்காணி, "பெரிய பாறை வரைக்கும் ஒரே பாதைங்க. அதுக்கப்புறம் யாரையாச்சும் கேட்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தார். பெரிய பாறை வந்தது. கேட்க ஆள் இல்லை. மூடுபனி இறங்கியிருந்தது. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று புல்லுக்குள் மேல்நோக்கிப் போனது. மற்றது கீழே இறங்கியது. கீழே இறங்கும் பக்கத்தில் சில கற்களின் மேல் வெள்ளை பூசியிருந்தார்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிட வேறு அடையாளம் தேவையில்லை. பங்களா ரோட்டிலும் லொறி போகும் வளைவுகளிலும் ஓரக்கல்லுக்கு வெள்ளையடித்து வைப்பது எங்கள் வழக்கம். பனி மூடினால் வெள்ளைக் கல்லைப் பிடித்துக்கொண்டு போனால் வீடு வந்துவிடும். சின்ன வயதிலிருந்து கால் அதற்குப் பழகியிருந்தது. "இதுதான் வழி, வெள்ளையடிச்சிருக்காங்க" என்றேன். மற்ற இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வெள்ளைக் கல் ஒவ்வொன்றாக எங்களைக் கீழே கொண்டுபோயிற்று. ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஒரு படியில் உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்க வேண்டியிருந்தது. இறங்கி நின்றபோதுதான் தெரிந்தது, அதற்கப்பால் பாதை இல்லை. மூன்று பக்கமும் பாறைச் சுவர். நாலாவது பக்கம் ஓயா.

"திரும்பி ஏறிருவோம்" என்று நான் சொன்ன நேரத்தில் முதல் இடி இடித்தது. மழை ஒரேயடியாகக் கொட்டியது. சறுக்கி வந்த படியில் தாவீது ஏறப் பார்த்தான். நனைந்த சுண்ணாம்புக் கல் சவர்க்காரம்போல் வழுக்கியது. இரண்டு முறை விழுந்தான். அவனைப் பிடிக்க ஓடிய எஸ்தரின் கால் ஒரு வெடிப்புக்குள் போயிற்று. மேலிருந்த ஒரு கல் துண்டு சரிந்து, ஆப்பு வைத்ததுபோல் அவள் காலோடு இறுகி நின்றது.

நானும் தாவீதும் அந்தக் கல்லை அசைத்துப் பார்த்தோம். நகங்கள் பிய்ந்தன. கல் அசையவில்லை. கத்தினோம். ஆற்றின் இரைச்சலில் எங்கள் குரல் எங்கள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

நான் முழங்காலில் நின்றேன். "கர்த்தாவே, இந்த மழையை நிறுத்தும்" என்று ஜெபித்தேன். மேல்மலையில் மழை நின்றால் ஆறு வடியும், ஆறு வடிந்தால் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் தாவீது எப்படியாவது ஏறிப் போய் ஆள் கூட்டி வருவான். எல்லாவற்றையும் வரிசையாக அவருக்கு விளக்கிச் சொன்னேன். நான் எதையும் முறைப்படி செய்கிறவன். ஜெபத்தையும் அப்படித்தான் செய்துவந்தேன்.

மழை கூடியது.

ஆறு செம்மண் நிறமாகி, சருகும் கிளையுமாக வந்தது. எஸ்தர் உட்கார்ந்திருந்த கல்லை நனைத்தது. பிறகு அவள் மடியை நனைத்தது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க" என்றாள். "நீங்களும் தம்பியும் அந்த மேக்கல்லு மேல ஏறி நில்லுங்க."

"பேசாம இரு."

"சொல்றதக் கேளுங்க. மூணு பேரும் போக வேணாம். பிள்ளைங்க வீட்ல இருக்கு."

நான் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டேன். தாவீது அவள் கையைப் பிடித்தபடி, "அக்கா, நீ இல்லாம நான் இந்த மச்சான்கிட்ட மாட்டிக்கிட்டுச் சாவணுமா? ஒழுங்கா இரு" என்றான். அவள் சிரிக்கப் பார்த்தாள். பற்கள் அடித்துக்கொண்டன.

அப்போது ஒரு பெரிய அலை கரையேறி வந்து, தாவீது இறக்கி வைத்திருந்த கூடையைக் கவிழ்த்துவிட்டது. லீக்ஸும் கரட்டும் தண்ணீரில் பரவின. பூசணிக்காய் ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றின் நடுவுக்குப் போய், வளைவைத் தாண்டி மறைந்தது. அதுவரை அழாத தாவீது அதைப் பார்த்து அழுதுவிட்டான். "காணிக்கையும் போயிருச்சு மச்சான்" என்றான். கர்த்தர் எங்களிடமிருந்து அதைக்கூட வாங்கிக்கொள்ள மனமில்லாமல் தள்ளிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? என் உள்ளத்தில் அந்த நேரம் விசுவாசம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் மிச்சமில்லை. மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் மனம் வரவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை. எஸ்தரின் ஈரத் தலையில் முகத்தைப் புதைத்து, "அப்பா, அப்பா" என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெறுமையாகத்தான் கூப்பிட்டேன்.

தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்தபோது மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கவுத? யாரு அங்க?"

பாறையின் விளிம்பில் ஒரு சாரம் கட்டிய மனிதர் குனிந்து பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண். அவர் பெயர் கிரி பண்டா என்றும், அவள் அவருடைய மனைவி சுது மெனிக்கே என்றும் பின்னால் தெரிந்துகொண்டோம். அந்தப் பள்ளத்தாக்கில் கல் உடைத்து, சூளை வைத்து, சுண்ணாம்பு சுடுகிறவர்கள் அவர்கள்.

"சம்சாரம் கால் மாட்டிக்கிச்சு" என்று நான் கத்தினேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஒரு வடக் கயிறும் அலவாங்கு என்கிற கடப்பாரையும் சம்மட்டியுமாக வந்தார். கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, சுது மெனிக்கே பிடித்துக்கொள்ள, மறு நுனியைப் பற்றி இறங்கினார். தண்ணீருக்குள் கைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"பய வென்ன எப்பா, நோனா" என்றார் எஸ்தரிடம். பயப்பட வேண்டாம் அம்மா என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு தமிழில், "கால் அசைக்க வேணாம். கல்லுதான் அசையும்" என்றார்.

அலவாங்கின் நுனியை வெடிப்பின் விளிம்பில் அவர் பிடிக்க, தாவீது சம்மட்டியால் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் எஸ்தர் என் கையைக் கடித்தாள். தண்ணீர் அவள் கழுத்தைத் தொட்டது. நான் அவள் முகவாயைத் தூக்கிப் பிடித்தேன். விளிம்பு பிளந்தது. கிரி பண்டா முழுப் பாரத்தையும் போட்டு அழுத்த, ஆப்புக் கல் புரண்டது. கால் வெளியே வந்தது.

கயிற்றில் கட்டி அவளை மேலே தூக்கினோம். மேலே ஏறி நின்றபோது, வளைவுக்கு அப்பால் சூளையிலிருந்து வெண்ணிற ஆவி சீறிக்கொண்டு எழுவதைக் கண்டேன். பக்கத்தில் தகரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. "அது என்ன?" என்று கேட்டேன்.

"சுட்ட சுண்ணாம்பு, மாத்தயா. மழை பட்டா வெந்து போகும். மூடத்தான் ரெண்டு பேரும் தகரம் எடுத்து வந்தோம்."

மழை இல்லாத நாளில் அந்த நேரத்தில் அவர்கள் அங்கே வருவதில்லை. சூளை ஆறும்வரை வீட்டில்தான் இருப்பார்கள். மழை கடுமையானதால்தான் ஓடி வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் சுது மெனிக்கே ஆற்றில் ஒரு பூசணிக்காய் மிதந்து வருவதைப் பார்த்தாள். அதன் பின்னால் லீக்ஸ். "மேலே யாரோ ஆளுக விழுந்திட்டாங்க" என்று அவள் சொல்ல, கையிலிருந்த தகரத்தைப் போட்டுவிட்டு இருவரும் மேலே தேடி வந்திருக்கிறார்கள்.

நான் நனைந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்த மழையை நிறுத்தச் சொல்லி நான் மன்றாடினேனோ, அந்த மழைதான் இவர்களைக் கூட்டி வந்தது. என் சொல்லைக் கேட்டு கர்த்தர் மழையை நிறுத்தியிருந்தால், ஏற்கெனவே பெய்த தண்ணீரே எஸ்தரை மூழ்கடிக்கப் போதுமாக இருந்திருக்கும். எங்களைத் தேடி ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் அடுப்பருகே இருந்தோம். சுது மெனிக்கே எஸ்தரின் காலுக்கு எண்ணெய் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினாள். நாங்கள் அந்தப் பக்கம் வந்த காரணத்தை தாவீது சொன்னான்.

"வெள்ளை அடிச்ச கல்லா?" கிரி பண்டா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அது ஒடைக்கிற கல்லுக்கு நான் போட்ட அடையாளம். வழிக்கு யாராவது சுண்ணாம்பு பூசுவாங்களா?"

"எங்க தோட்டத்துல பூசுவாங்க" என்றான் தாவீது.

"அப்ப உங்க தொரைக்கு சுண்ணாம்பு அதிகம்" என்றார். எஸ்தர் வலியோடு சிரித்தாள். சூளை வீணானதைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அவர் கையை அசைத்தார். "கல்லு இருக்கு. மறுபடி சுடலாம்" என்றார். அந்த நாளில் அவர்கள் வீட்டுப் பிழைப்பே அந்தச் சூளைதான். அதை மழைக்குக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள் அவர்கள். கர்த்தருடைய கை எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்த அந்த மனிதருடைய கையைத்தான் சொல்லுவேன்.

மறுநாள் அக்கரைச் சபையார் செய்தி அறிந்து, பண்டிகை ஆராதனை முடிந்த கையோடு டோலி கட்டிக்கொண்டு வந்து எஸ்தரைச் சுமந்து போனார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் இன்றுவரை அவள் கணுக்கால் முழுதாக மடங்காது. ஆலயத்தில் முழங்காலிட முடியாமல் பெஞ்சியில் உட்கார்ந்தே ஜெபிக்கிறாள். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறிப்போயிற்று. இப்படிச் செய்யும், அதற்குப் பிறகு இதைச் செய்யும் என்று நான் அவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது நோய் என்று கூப்பிட்டால் போகிறேன். பக்கத்தில் உட்காருகிறேன். அவரைக் கூப்பிடுகிறேன். உதவி எந்தப் பக்கமாக வரும் என்று பார்க்கிற வேலையை அவரிடமே விட்டுவிட்டேன்.

பிரியமானவர்களே, உங்களில் சிலர் இப்போது எழுந்து போக முடியாத இடத்தில் சிக்கியிருக்கலாம். ஜெபிக்க விசுவாசம் வேண்டுமே, எனக்கு அது இல்லையே என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். அந்தப் பாறை இடுக்கில் என்னிடமும் அது இல்லை. இல்லாமலே கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.