மாப்பிள்ளை போட்ட முட்டை

தெருவில் அவளுக்குப் பெயர் சம்மட்டி. முன்னால் நின்று பேசும்போது எல்லோருக்கும் அவள் அக்காதான். நேருக்கு நேர் சம்மட்டி என்று கூப்பிட்ட ஒரே ஆள் பால்காரன். அவனுக்கு இன்றைக்கும் இடது காது சரியாகக் கேட்பதில்லை. வார்த்தை வாய்க்கு வந்து சேர்வதற்குள் அவள் கை பாய்ந்துவிடும். புருஷன்காரன் ஒருநாள் சட்டை வாங்கிவருகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். போட்டிருந்த சட்டையை முந்தின நாள்தான் அவள் கிழித்திருந்தாள், அதனால் கிளம்பியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வேலை கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணையில். படிப்பை விட்ட கையோடு சேர்ந்தவள். பாதி நாள் அடைகாக்கும் அறையில். பீரோ மாதிரி பெரிய பெட்டிகளுக்குள் தட்டுத் தட்டாக முட்டைகள் இருக்கும். அவற்றைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். பெட்டிகள் தாமாகவே சாய்ந்து திருப்பும்தான், ஆனால் அவை வாரம் தவறாமல் மக்கர் பண்ணும். அப்போது சம்மட்டியின் கைதான் இயந்திரம்.

மீதி நாள் பிரிக்கிற மேசையில். முட்டைக்கோழிக்கான பண்ணை என்பதால் சேவல் குஞ்சால் அங்கே யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பெட்டை என்றால் வலது பக்கக் கூடை. சேவல் என்றால் இடது பக்கத் தகரக் குழாய், குழாயின் அடியில் சுழலும் கத்தி. சத்தமே வராது என்று மேலாளர் சொல்லுவார். வரும். அவர் கண்ணாடி அறைக்குள் இருப்பதால் அவருக்குக் கேட்காது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மஞ்சள் குஞ்சுகளைக் குழாய்க்குள் எறிந்த கை வீட்டுக்கு வந்து பூவா பறிக்கும்? அடியாத மாடு படியாது என்று மகளை அடித்தாள். கதவு சாத்தவில்லை என்றால் அடி, பதில் சொன்னால் அடி, சொல்லாவிட்டால் அதற்கும் ஒன்று.

மகள் கண்ணாடிக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக இரண்டு பல்லிகளை வாங்கி வந்தாள். சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால், தரையில் நடப்பது. கடைக்காரன் இரண்டும் ஆண் என்று அடித்துச் சொல்லியிருந்தான். ஒன்றுக்கு மாப்பிள்ளை என்றும் மற்றதற்கு மச்சான் என்றும் பெயர் வைத்தாள். இரண்டு ஆம்பிளைகள் ஒரே வீட்டில் அடித்துக்கொள்ளாமல் இருந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாள் முழுக்க ஆணா பெண்ணா என்று பிரித்துப்போடுகிற சம்மட்டியும் இதில் கோட்டை விட்டாள்.

ஒரு சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மகள் அறையில் பல்லிகளுக்குப் புழு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் எதுவும் இல்லை. சம்மட்டி உள்ளே போனாள், மகளை ஓங்கி ஓர் அறை விட்டாள், அறைந்த கை நிற்காமல் அப்படியே போய்க் கண்ணாடித் தொட்டியையும் மேசையிலிருந்து வாரித் தள்ளியது. மச்சான் கண்ணாடிக்கு அடியில் நசுங்கிப்போனது. மாப்பிள்ளை வாலை உதிர்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது. வால் மட்டும் தரையில் கிடந்து துடித்தது. தாயும் மகளும் அது அடங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அது உன்னை என்னம்மா பண்ணிச்சு?" என்று கேட்டாள் மகள். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது, அவள் துடைக்கவில்லை. அன்றைக்கே ஒரு பையோடு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அங்கே பல்லிக்கு அனுமதி இல்லை. காலியான அறையில் சம்மட்டியின் தம்பி வந்து படுத்துக்கொண்டான். அவனுக்கு வேலை என்று பார்த்தால் குடிப்பதுதான்.

மாப்பிள்ளையைக் குழாயில் போட்டுவிடத்தான் முதலில் ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்துப் பண்ணைக்கு எடுத்துப்போனாள். பெட்டியைத் திறந்தபோது அது கண்ணை ஒருதரம் நக்கிக்கொண்டு அவளையே பார்த்தது. என்ன தோன்றியதோ, மூடித் திரும்ப எடுத்து வந்தாள். புதுத் தொட்டி வாங்கிச் சமையற்கட்டில் வைத்தாள், அடியில் வைக்கும் சூட்டுத் தகடு வாங்கினாள். அதற்குத் தீனியாகப் பாச்சைப் பூச்சிகளைப் பிடித்துக் கால் ஒடித்துப் போடுவாள், துரத்துகிற சிரமம் அதற்கு இருக்கக் கூடாது என்று. மாப்பிள்ளைக்குப் புது வால் முளைத்தது, பழைய அழகில்லாமல் கிழங்கு மாதிரி. மகள் ஒருநாள் வந்து கேட்டால் காட்டுவதற்கு அவளிடம் இருந்தது இந்த ஒரு உயிர்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம். வேலைக்குப் போகுமுன் தொட்டிக்குத் தண்ணீர் வைக்க வந்தவள், ஈர மண்ணில் பாதி புதைந்து இரண்டு முட்டைகள் கிடப்பதைப் பார்த்தாள். நீளமாக, வெள்ளையாக, ஓடு தோல் மாதிரி மெத்தென்று. மாப்பிள்ளை வயிறு வற்றி ஓரமாகப் படுத்திருந்தது.

"அட பாவி மாப்பிள்ளை," என்றாள் சம்மட்டி. "நீ மாப்பிள்ளை இல்லையாடி?"

பிறகுதான் உறைத்தது. மச்சான் செத்து மாதங்கள் ஆகியும் அதன் விந்து இதன் வயிற்றில் தங்கியிருக்கிறது. கோழியும் கொஞ்ச நாள் அப்படி வைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவள் கொன்ற உயிரின் பிள்ளைகள் இவள் கைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. தொட்டிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். அத்தனை மாதமும் போனை எடுக்காத மகள் உடனே கூப்பிட்டாள்.

"நிஜமாவாம்மா? மச்சானோடதா?"

"வேற யாரு இருக்கா இங்க? டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள்ளே சிவப்பா வளையம் தெரியுது. உசிர் இருக்கு."

மறுமுனையில் மகள் அழுவது கேட்டது. "அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேளு. முட்டையை எடுத்து வைக்கறப்போ..."

"முட்டையப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? உன் வயசைவிட அதிக வருஷம் நான் முட்டையோட குப்பை கொட்டறேன்டி. நீ வாயை மூடு."

மகள் வாயை மூடினாள். அந்தக் குரல் வந்தால் மூடிக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு வருமுன்னே அவள் படித்த பாடம். "சரி, உனக்குத் தெரியாததா. பொரியற சமயத்துல வர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

வர்றேன் என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சம்மட்டி இரண்டு மாதம் ஓட்டினாள். ஈர மண் நிரப்பிய டப்பாவில் முட்டைகளைப் புதைத்துச் சூட்டுத் தகட்டின் ஓரம் வைத்தாள். காலையில் எழுந்ததும் கை கழுவி, முட்டைகளை மெல்லத் திருப்பி வைப்பாள். வேலை முடிந்து வந்ததும் மறுபடி திருப்புவாள். காய்ச்சல் வந்த நாளிலும் விடவில்லை. குழாயில் போடுகிற அதே விரல்கள்தான், ஆனால் இங்கே மூச்சுக்கூட விடாமல் வேலை செய்தன. மண்ணை விட்டு வெளியே எடுத்தால் சூடு போய்விடும் என்று டார்ச் அடித்துப் பார்ப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

தம்பிக்கு எல்லாமே எரிச்சல். பிடித்து அடைத்துவைத்த டப்பாவிலிருந்து தப்பித்த பாச்சைகள் அவன் படுக்கையில் ஏறின. ஒன்று காதுக்குள்ளேயே போய்விட்டது. விடுமுறை நாளில் நட்ட நடு மத்தியானம், குடித்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு கதவுக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக் கம்பியோடு வந்தான்.

"எங்கே அந்தப் பல்லி? இன்னிக்கு அதுக்கும் கருமாதி, அது குட்டிக்கும் கருமாதி."

"கம்பியக் கீழ போடுடா."

"பெத்த பொண்ணை அடிச்சுத் துரத்திட்டு, பல்லிக்குப் பிரசவம் பார்க்கறியா நீ?"

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் பாய்ந்தாள். அவன் கம்பியை வீசினான். முதல் வீச்சில் தொட்டியின் மூடி பறந்தது, மாப்பிள்ளை தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டையின் பொந்தில் பதுங்கியது. அடுத்த வீச்சு முட்டை டப்பாவை நோக்கி வந்தது. அவள் வலது கையைக் குறுக்கே வைத்தாள். விறகு ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. டப்பா ஒரு தடவை குலுங்கி நின்றது.

வலி வருமுன்பே அவள் இடது கை குக்கர் மூடியைப் பிடித்துவிட்டது. வாயில் ஒன்று, நெற்றியில் ஒன்று. கம்பி நழுவியது. கீழே விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, "தொடுவியா? தொடுவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும். தம்பி இரண்டு பல்லைத் துப்பிவிட்டு, நெற்றியைப் பொத்திக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் தெருவோடு போனான். திரும்பி வரவே இல்லை.

கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தவள், குலுங்கிய முட்டைகளுக்கு என்ன ஆயிற்றோ என்று இடது கையால் டார்ச் அடித்துப் பார்த்தாள். முதல் முட்டையில் சிவப்பு இல்லை. வளையம் இல்லை. மஞ்சளாக, கலங்கலாக, ஒரு பக்கம் குழிந்து கிடந்தது. செத்த முட்டை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதும் அப்படியே. தம்பி மட்டும் அந்த நேரம் கையில் கிடைத்திருந்தால் பல்லோடு நின்றிருக்காது. டப்பாவை அவள் எறியவில்லை. தகட்டின் மேலேயே விட்டுவைத்தாள்.

அடுத்த வாரம் மகள் வந்தாள். இளைத்திருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள். கையில் பூத்துவாலை விரித்த ஒரு சின்னப் பெட்டி, குட்டிகளுக்காக. உள்ளே வரும்போது அம்மாவுக்கும் தனக்கும் நடுவே மேசை இருக்கும்படி சுற்றி வந்து நின்றாள். சம்மட்டி அதைக் கவனித்தாள்.

"உன் மாமா கொன்னுட்டான்," என்றாள். "இந்தக் கையைக் குறுக்கே வச்சேன். அப்படியும் குலுங்கிடுச்சு. அவன் மூஞ்சியப் பேத்து அனுப்பிட்டேன்."

மகள் மாவுக்கட்டைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு முட்டையை எடுத்து நகத்தால் கீறினாள். மஞ்சள் குழம்புக்குள் எறும்பளவு ஒரு கறுப்பு வளைவு ஓட்டில் ஒட்டியிருந்தது. கண்ணென்று ஒரு புள்ளி. அதற்குமேல் அது வளர்ந்திருக்கவே இல்லை.

"போன வாரம் செத்தது இல்லம்மா இது. போட்ட கொஞ்ச நாள்லயே செத்திருக்கு."

"அதெப்படி? நான் பொத்திப் பொத்தி..."

"அம்மா. ஒண்ணு சொல்லணும்."

சம்மட்டியின் வாய் திறந்தது. வழக்கமான வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது. மாவுக்கட்டுக் கையைத் தூக்கி வாயின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கை உயர்ந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் மகளின் முழங்கை தானாக மேலே போய் முகத்தை மறைத்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு மகள் முழங்கையை இறக்கினாள்.

"பல்லி முட்டை கோழி முட்டை மாதிரி இல்லம்மா. போட்ட நாள்ல எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ, கடைசி வரைக்கும் அதே பக்கம் மேல இருக்கணும். கரு மேல்பக்கமா ஒட்டிக்கும். திருப்பினா செத்துடும். அன்னிக்குப் போன்ல இதைத்தான் சொல்ல வந்தேன்."

சம்மட்டி டப்பாவில் மீதமிருந்த முட்டையைப் பார்த்தாள்.

"காலையில ஒருதரம் திருப்பினேன்," என்றாள். "சாயங்காலம் ஒருதரம். ஒரு நாள்கூட விடலையே."

அவள் அழுது மகள் பார்த்ததில்லை. அழத் தெரியாத அழுகை, விக்கல் மாதிரி வெட்டி வெட்டி வந்தது. அப்பனையும் கொன்றாள், பிள்ளைகளையும் கொன்றாள். முதலில் கொன்றது ஆத்திரத்தில், இப்போது கொன்றது ஆசையில். தம்பியை அடித்ததற்கும் இனி ஒரு நியாயம் சொல்ல முடியாது. அவள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும்னு..." என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை.

 மகள் தொட்டிக்குள் கையை விட்டு மாப்பிள்ளையை எடுத்தாள். உள்ளங்கையில் மல்லாத்திக் காட்டினாள். மெல்லிய வயிற்றுத் தோலுக்கடியில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு வெள்ளை நிழல்கள்.

"மறுபடியுமா?"

"ஒரு தடவை சேர்ந்தா ரெண்டு மூணு தடவை போடும்."

பூத்துவாலை விரித்த பெட்டிக்குள் மாப்பிள்ளையை இறக்கினாள். சூட்டுத் தகட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். சம்மட்டி தடுக்கவில்லை, எங்கே எடுத்துப் போகிறாய் என்றும் கேட்கவில்லை. பாச்சை டப்பாவை மட்டும் எடுத்து நீட்டினாள். "கால் ஒடிச்சுக் குடு. அதுக்கு ஓட முடியாது."

"இப்போ விடுதியில இல்ல. தனி ரூம் எடுத்திருக்கேன்," என்றாள் மகள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். செருப்பை மாட்டும்போது, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "கட்டு எப்போ பிரிப்பாங்க?"

"அடுத்த மாசம்."

"அதைப் பிரிக்கிறதுக்குள்ள ஒரு தடவை என் ரூமுக்கு வந்துட்டுப் போம்மா."